குமிழின் முதுகு

துணி உலர்த்தும் ட்றையரின் உடைந்த குமிழை முன்பக்கத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எழுத்து அழியாமல் இருக்கும், அம்புக்குறியும் பளிச்சென்று இருக்கும். திருப்பிப் பாருங்கள். முதுகின் நடுவில் ஒரு சிறிய குழாய். அதன் துளை முழு வட்டமல்ல, ஒரு பக்கம் தட்டை. அதற்குள் நுழைகிற தண்டும் அதேபோல ஒரு பக்கம் சீவப்பட்டிருக்கும். தட்டை தட்டையைப் பிடிப்பதால்தான் கை திருப்பத் தண்டு திரும்புகிறது. அந்தக் குழாயில் மயிரிழை வெடிப்பு விட்டால் போதும், குமிழ் சுகமாகச் சுற்றும், தண்டு அசையாது. வீட்டுக்காரர் ட்றையர் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, கடை விளம்பரத்தைப் புரட்டத் தொடங்கிவிடுவார்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இந்த மெசின்களைத் திருத்திப் பிழைக்கிறவன் நான். “தம்பி, சுத்தினால் சுத்துது, மெசின் கேக்குதில்லை” என்று அழைப்பு வந்தால், “திருப்பேக்க டிக் டிக் எண்டு சத்தம் வருதோ, அக்கா?” என்றுதான் முதலில் கேட்பேன். வரவில்லை என்றால் பிளக்கைக் கழற்றச் சொல்லி, குமிழை நேராக இழுத்து எடுக்கச் சொல்லி, தண்டைக் குறட்டால் மெல்லத் திருப்பச் சொல்வேன். அப்போது டிக் டிக் கேட்டால் உள்ளே இருக்கிற ரைமர் பெரும்பாலும் நலம், போனது குமிழ். தண்டும் சத்தமில்லாமல் சுழன்றாலோ இறுகி நின்றாலோதான் நான் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இவ்வளவு சின்னச் சோதனை ஏன் ஒருவருக்கும் தோன்றுவதில்லை? ஆட்களின் அறிவில் குறையில்லை. இந்த மெசின் வளர்ந்த விதம் அப்படி.

துணி உலர்த்த அடுப்பைப் பயன்படுத்தும் யோசனை பழையது. அமெரிக்காவில் ஜோர்ஜ் சாம்ப்சன் என்ற கறுப்பினத்தவர் 1892இலேயே அடுப்புச் சூட்டில் துணி உலர்த்தும் சட்டகத்துக்குக் காப்புரிமை பெற்றார். தானாக இயங்கும் ட்றையரின் கதை வட டக்கோட்டாப் பண்ணை ஒன்றில் தொடங்குகிறது. அந்த ஊர்க் குளிரில் வெளியே கொடியில் போட்ட உடுப்பு பலகைபோல விறைத்துவிடும். தாய் படுகிற பாட்டைப் பார்த்த ஜே. ரொஸ் மூர் ஒரு கொட்டகையில் எண்ணெய் அடுப்போடு சுழலும் உருளையைப் பொருத்தினார். அதை விற்பனைக்குரிய பொருளாக்கப் பல ஆண்டுகள் அலைந்தார். கடைசியில் கைகொடுத்தது விஸ்கொன்சின் மாநிலத்தின் டூ ரிவர்ஸ் ஊரில் இருந்த ஹமில்ற்றன் கொம்பனி. 1880இல் அச்சுக்கூடங்களுக்கு மர எழுத்து வெட்டி விற்கத் தொடங்கிய கொம்பனி அது. மரவேலைக்காரர்கள் 1938இல் ‘ஜூன் டே’ என்ற பெயரில் ட்றையரைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்தப் பெட்டிக்கு உருவம் கொடுத்தவர்களில் ஒருவர் மில்வாக்கியைச் சேர்ந்த வடிவமைப்பாளர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ். மூடிய பெட்டியாக விற்றால் ஒருவரும் நின்று பார்க்க மாட்டார்கள், கதவில் கண்ணாடி வைத்து உள்ளே வண்ண வண்ண உடுப்பைச் சுழல விடுங்கள் என்று அவர் சொன்னதாகக் கதை. இதே மனிதர்தான் 1954இல் மினியாபொலிஸில் பேசும்போது ‘திட்டமிட்ட வழக்கொழிவு’ என்ற கொள்கையைப் பிரபலமாக்கினார். சொற்றொடர் அவருக்கு முன்பே இருந்தது, புகழும் பழியும் அவருக்குப் போயின. சீக்கிரம் உடைகிற பொருளைச் செய்யுங்கள் என்று அவர் சொல்லவில்லை. உடையாததையும் மாற்றத் தூண்டுகிற ஆசையை உண்டாக்குங்கள் என்றார். என் தொழிலில் இருப்பவனுக்கு இரண்டாவதுதான் கூடிய கேடு. உடைந்ததைத் திருத்தலாம், ஆசைக்கு எந்தக் குறட்டைப் போடுவது?

குமிழுக்கு வருவோம். 1907இல் நியூயோர்க் மாநிலத்தின் யொங்கர்ஸில் லியோ பேக்லண்ட் கண்ட பேக்கலைட் ஒருமுறை இறுகினால் மறுபடி சூட்டில் இளகாது, மின்சாரத்தையும் கடத்தாது. தொட்டுத் திருப்புகிற குமிழுக்கு வேறென்ன வேண்டும்? யாழ்ப்பாணத்தில் நான் தொழில் பழகிய ரேடியோக் கடையில் கண்ட பழைய குமிழ்கள் அந்த இனம். நடுவில் பித்தளைப் புறை, பக்கவாட்டில் ஒரு சிறு திருகாணி. தளர்ந்தால் திருகாணியை இறுக்குவோம், கதை முடிந்தது. திருகாணி வெளியே தெரிந்ததால், தளர்கிற இடம் இதுதான் என்று சின்னப் பையனுக்கும் தெரிந்தது. பிறகு உருக்கி அச்சில் செலுத்தும் பிளாஸ்ரிக் வந்தது. பித்தளையும் திருகாணியும் போயின. அழுத்தினால் ஏறும், இழுத்தால் வரும். உள்ளே ஒரு மெல்லிய எஃகு வளையம் இருந்தால் அதிர்ஷ்டம். கொம்பனிக்குச் சில சதம் மிச்சம், குமிழின் முகமும் அழகாயிற்று. ஆனால் பிடிமானம் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விட்டது.

முகத்துக்குப் பின்னால் இருப்பது ஒரு கடிகாரம். மின்சாரத்தின் அலைவு எண்ணுக்கு இசைந்து சுழலும் சிறு மோட்டோர், அது நகர்த்தும் பல்லுள்ள வட்டுகள், வட்டுகளின் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும் செப்புத் தகடுகள். தகடு தொட்டால் சூடு வரும், விலகினால் நிற்கும். மின்சாரத்தோடு நேரம் காட்டும் அந்த மோட்டோரைக் கடிகாரத்துக்காக உருவாக்கிப் பரப்பியவர் மசச்சுசெட்ஸின் ஹென்றி வொரன். பொஸ்ரன் மின்சாரக் கொம்பனி 1916இல் அவருடைய தலைமைக் கடிகாரத்தைப் பார்த்துத் தன் அலைவை ஒழுங்காக வைக்கத் தொடங்கியது. அலைவு தப்பினால் நேரம் தப்பும்.

இந்த உண்மையை ஒன்ராறியோக்காரர்கள் கண்ணால் கண்டவர்கள். நயாகரா மின்சாரம் நெடுங்காலம் நொடிக்கு 25 அலைவில் ஓடியது. அமெரிக்காவின் பெரும்பகுதி 60க்கு வந்த பிறகும் தென் ஒன்ராறியோ 25இலேயே நின்றது. 1949 முதல் 1959 வரை அரச மின்சார நிறுவனம் அதை 60க்கு மாற்றியது. 25க்கென்று செய்த கடிகாரத்தை 60இல் செருகினால் ஒரு மணி நேரத்தை 25 நிமிடத்தில் ஓடி முடித்துவிடும். அதனால் ஆட்கள் தெருத் தெருவாக, வீடு வீடாகப் போய் துணி தோய்க்கிற மெசின், குளிர்சாதனப் பெட்டி, கடிகாரம் என்று ஒவ்வொன்றின் மோட்டோரையும் மாற்றினார்கள். கனடாத் திருத்த வேலைக்காரர்களின் பொற்காலம் அது என்பேன். ஒரு மாகாணமே எறியாமல் திருத்திக்கொண்டது.

திருத்தியது மட்டுமல்ல, இந்த மாகாணம் மெசின் செய்ததும் உண்டு. ரொறன்ரோவின் ஸ்ட்ரான் அவெனியூவில் இருந்த இங்கிலிஸ் தொழிற்சாலையைச் சொல்லாமல் விட முடியாது. இரண்டாம் உலகப் போரில் அங்கே பிரென் துப்பாக்கி செய்தார்கள். வெரோனிகா ஃபொஸ்ரர் என்ற தொழிலாளி துப்பாக்கியோடு இருக்கிற படம் 1941இல் நாடெங்கும் போனது. போர் முடிய அதே கூரையின் கீழ் துணி தோய்க்கிற மெசின் வந்தது. 1989இல் ஆலை மூடப்பட்டது. இன்று அந்த இடத்தில் கொண்டோக்கள். அவற்றின் அலுமாரிகளுக்குள் தோய்க்கிற மெசினின் தலையில் ட்றையர் உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் ஆட்கள் இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பிறகு கூட்டமாக வந்து பேஸ்மண்டுகளில் குடியேறியபோது மூலையில் ஏற்கெனவே ஒரு ட்றையர் இருந்தது. அதைத் திருப்பத் தெரியவேண்டியிருந்தது, திறக்க அல்ல. சோதிக்க ஆசைப்பட்டாலும் அது வீட்டுக்காரரின் பொருள். கொடி கட்டலாம் என்றால் பல புதிய குடியிருப்புகளின் பத்திரத்திலேயே தடை. வெளியே உடுப்புத் தொங்கினால் தெருவின் மதிப்புப் போய்விடுமாம். 2008இல் ஒன்ராறியோ அரசு மின்சாரம் மிச்சப்படுத்த அந்தத் தடையைச் செல்லாமல் ஆக்கியது. ஊரிலிருந்து வந்த அம்மாமாருக்கு அது பெரிய விடுதலை. பருத்திச் சேலையை உருளைக்குள் போட்டு அது சுருங்கி வந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள்.

குமிழ் மாற்றுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. தண்டின் பருமன் பொருந்தினால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. தட்டை அம்புக்குறியின் பக்கமா எதிர்ப்பக்கமா என்று பார்க்க வேண்டும். மாறிப்போனால் குமிழ் இறுக்கமாக ஏறும், ஆனால் அம்புக்குறி சரியாக எதிர்த் திசையைக் காட்டும். நிறுத்தியிருக்கிறோம் என்று நினைக்கிற இடத்தில் மெசின் சூட்டில் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே பழைய குமிழை எறியாதீர்கள், மாதிரி எண் எழுதிய தகட்டைக் கதவின் உள்விளிம்பில் தேடுங்கள். அவசரத்துக்கு வெடித்த குழாயைச் சுற்றி ஒரு சிறு குழாய்க் கவ்வியைப் போட்டு இறுக்கலாம். பித்தளைப் புறை செய்த வேலையைத்தான் அது வெளியிலிருந்து செய்கிறது, முகத்துக்கும் பலகைக்கும் இடையில் இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

புதிய மெசின்களில் இதுவும் மாறிவிட்டது. குமிழ் முடிவில்லாமல் சுற்றும். பின்னால் வட்டும் இல்லை, செப்புத் தகடும் இல்லை. மின்சுற்றுப் பலகையில் ஒட்டிய சிறு பாகம் எத்தனை படி திரும்பியது என்று எண்ணிச் சொல்கிறது. அதன் தண்டு முறிந்தால் பல வேளைகளில் முழுப் பலகையையும் மாற்ற வேண்டும், அந்த விலையைக் கேட்டபிறகு ஆட்கள் புது மெசின் பேசத் தொடங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். டிக் டிக் சத்தம் மட்டும் இருக்கிறது. கைக்கு இதமாக இருக்கட்டும் என்று சேர்த்த சத்தம் அது, பலகை எரிந்துபோயிருந்தாலும் கேட்கும். அதனால் இப்போது தொலைபேசியில் முதலில் மெசினின் வயதைக் கேட்கிறேன்.