மோதிரத்து உருவமும் மோதிரத்துக்கு உரியவரும்

1891-ஆம் ஆண்டு பெங்களூரு யஷ்வந்த்பூரில் இருப்புப்பாதைப் பணிக்காக மண் அகழ்ந்தபோது 163 ரோமானிய வெள்ளிக் காசுகள் வெளிப்பட்டன. 1965-இல் அதே நகரின் எச்.ஏ.எல். விமான நிலையப் பகுதியில் மேலும் 256 காசுகள் கிடைத்தன. தென்னிந்தியப் புதையல்களில் மிகுதியாகக் காணப்படும் ரோமானிய வெள்ளிக் காசு வகைகள் இரண்டு. ஒன்று அகஸ்டஸ் வெளியிட்டது. அதன் பின்புறத்தில் கேடயங்களோடும் ஈட்டிகளோடும் நிற்கும் இளைஞர் இருவரும் கையுஸ், லூசியுஸ் என்பதைக் காசின் எழுத்தே கூறிவிடுகிறது. மற்றொன்று திபேரியஸ் வெளியிட்டது. அதில் கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் பெண்ணின் பெயர் எழுதப்படவில்லை. சுற்றியுள்ள எழுத்து பேரரசரின் தலைமைப் பூசகர் பட்டத்தை மட்டுமே சொல்கிறது. அப்பெண்ணைத் திபேரியஸின் தாய் லிவியா என்பாரும், அமைதித் தெய்வம் என்பாரும் உளர்.

எழுத்துள்ள காசிலேயே இத்தகைய ஐயம் எழுமாயின், எழுத்தே இல்லாத மோதிரக் கல்லில் பொறித்த உருவத்தை எவ்வாறு இனங்காண்பது?

முதற்படி, கல்லைப் பாராமல் அதன் பதிவைப் பார்ப்பது. முத்திரை மோதிரத்தின் உருவம் உட்குழிவாக வெட்டப்படுகிறது. அரக்கிலோ களிமண்ணிலோ அழுத்தும்போதுதான் அது புடைத்து, இடவலம் மாறி, உரிய வடிவம் பெறுகிறது. கல்லில் இடக்கையில் தோன்றும் ஈட்டி பதிவில் வலக்கைக்கு வந்துவிடும். எனவே கல்லை மட்டும் காட்டும் ஒளிப்படத்தைக் கொண்டு முடிவு கூறுவது பிழைக்கு இடந்தரும்.

இரண்டாம் படி, உருவம் ஏந்தியுள்ள பொருள்களைக் கணக்கிடுவது. மோதிரக் கல் பெரும்பாலும் விரல்நகத்தின் அளவே உடையது. அதில் முகத்தைக் கொண்டு தெய்வத்தை அறிதல் அரிது. பணப்பையும் பாம்பு பிணைந்த கோலும் இருந்தால் மெர்க்குரி. சுக்கானும் வளக்கொம்பும் இருந்தால் ஃபார்ச்சூனா. தலைக்கவசமும் கேடயமும் தாங்கிய பெண் மினர்வா. சிறகு விரித்து மாலை நீட்டுபவள் விக்டோரியா. வேலும் மயிலும் கண்டு முருகனை அறியும் தமிழ்ப் பார்வையாளருக்கு இம்முறை புதிதன்று.

இவ்விரு படிகளும் உருவத்தை அறிய உதவும். அதற்கு அப்பால் மூன்றாவது படி ஒன்று உண்டு. சறுக்கல் பெரும்பாலும் அங்கேதான் நிகழ்கிறது. உருவம் எது என்ற கேள்விக்குக் கிடைத்த விடையை, மோதிரம் யாருடையது என்ற கேள்விக்கும் விடையாகக் கொண்டுவிடுவதே அச்சறுக்கல்.

கேரளத்தின் பட்டணம் இதற்குத் தக்க சான்று. சங்க இலக்கியம் கூறும் முசிறியோடு இணைத்துப் பேசப்படும் அவ்வூரில், பி.ஜே. செரியன் தலைமையிலான குழு 2020-இல் ஸ்பிங்க்ஸ் உருவம் பொறித்த அகேட் முத்திரை ஒன்றைக் கண்டெடுத்தது. பெண்தலை, சிங்க உடல், சிறகு ஆகிய மூன்றும் சேர்ந்தது கிரேக்க ஸ்பிங்க்ஸ். அகஸ்டஸ் தொடக்கத்தில் ஸ்பிங்க்ஸ் முத்திரையையும், பின்னர் அலெக்சாந்தரின் தலை பொறித்ததையும், இறுதியில் டயோஸ்கூரிடீஸ் செதுக்கிய தம் உருவத்தையும் பயன்படுத்தினார் என்று சூட்டோனியஸ் எழுதியுள்ளார். இதனால் பட்டணத்து முத்திரை பேரரசரின் மோதிரத்தோடு ஒப்பிடப்பட்டது. ஒப்பீடு பொருத்தமானதே. ஆனால் அது உரிமைச் சான்றாகாது.

இதற்கான எச்சரிக்கை பிளினியின் நூலிலேயே உள்ளது. அகஸ்டஸ் தம் தாயின் மோதிரங்களிடையே வேறுபாடு காண இயலாத இரு ஸ்பிங்க்ஸ் மோதிரங்களைக் கண்டெடுத்தார் என்றும், உள்நாட்டுப் போர்க்காலத்தில் அவர் ஊரில் இல்லாதபோது நண்பர்கள் இரண்டாவதைக் கொண்டு அவர் பெயரால் கடிதங்களுக்கு முத்திரையிட்டனர் என்றும் பிளினி கூறுகிறார். ரோமிலேயே ஒரே உருவம் இரு மோதிரங்களில் இருந்தது. ஒன்று பிறர் கையில் இருந்தது. அரபிக்கடல் கடந்து கிடைத்த ஒரு கல்லில் அதே உருவம் இருப்பது, அக்காலச் சுவையையும் வணிகத் தொடர்பையும் காட்டும். அதற்கு மேல் எதையும் காட்டாது.

அரிக்கமேட்டுக்கும் இது பொருந்தும். 1937-இல் ழூவோ துப்ரேய் கவனத்துக்கு வந்த கல்லில் இருந்த தலை அகஸ்டஸ் எனக் கொள்ளப்பட்டது. காசுகளில் உள்ள பக்கத்தோற்றமே இத்தகைய ஒப்பீட்டுக்கு அளவுகோல். ஆயினும் ஆட்சியாளரின் சிகை அலங்காரத்தைக் குடிமக்களும் பின்பற்றினர். கல்மோதிரங்கள் தலைமுறை கடந்தும் அணியப்பட்டன. ஆகவே உருவத்தின் காலத்தை ஊரின் காலமாகக் கொள்ள இயலாது. 1945-இல் அங்கு அகழாய்ந்த மார்ட்டிமர் வீலர் காலக் கணிப்புக்கு முதன்மையாகச் சார்ந்தது அரெட்டைன் மட்கலங்களையே.

பெயர் பொறித்த மோதிரமேனும் இச்சிக்கலைத் தீர்க்குமா? கரூரில் கிடைத்த முத்திரை மோதிரம் ஒன்றில் தமிழ் பிராமி எழுத்தில் ‘தித்தன்’ என்ற பெயர் உள்ளது. சங்கப் பாடல்களில் உறையூர்த் தித்தன் பேசப்படுகிறான். இரண்டும் ஒரே பெயர் என்பது மொழியியல் உண்மை. இருவரும் ஒரே ஆள் என்பது வரலாற்றுக் கூற்று. முன்னதை எழுத்து நிறுவும். பின்னதற்கு வேறு சான்று வேண்டும். ஆட்பெயர் பலருக்கும் பொதுவானது, ஸ்பிங்க்ஸ் உருவத்தைப் போலவே.

அருங்காட்சியகக் குறிப்பட்டையில் “ஸ்பிங்க்ஸ் உருவம் பொறித்த முத்திரை” என்று எழுதுவது விளக்கம். “அகஸ்டஸின் மோதிரம்” என்று எழுதினால் அது உரிமைகோரல். முதலாவது நாளை மேலும் நூறு மோதிரங்கள் கிடைத்தாலும் நிலைக்கும். இரண்டாவதை அதே உருவம் கொண்ட இன்னொரு மோதிரம் ஐயத்துக்குள்ளாக்கிவிடும்.