கிட்டப்பா ஏன் கத்திப் பாடினார்?

போன மாதம் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். நான் யூடியூபில் எஸ்.ஜி.கிட்டப்பாவின் பழைய இசைத்தட்டு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "ஏன் தாத்தா இவரு இப்படிக் கத்துறாரு?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஐம்பத்தைந்து வருடங்களுக்கு முன் இதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன்.

காவேரிப்பட்டினத்தில் எங்கள் பெரியப்பா வீட்டில் சாவி கொடுக்கும் கிராமபோன் பெட்டி இருந்தது. அரக்குத் தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கம் மூன்று நிமிடம், கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான். தட்டைத் துணியால் துடைத்து, ஊசியை மாற்றி அவர் வைக்கும் பக்குவமே தனி. நாங்களோ அப்போது பி.பி.ஸ்ரீநிவாஸ் பைத்தியங்கள். எல்லைப் பக்கத்து ஊர் என்பதால் எங்களுக்கு இரட்டை லாபம்: தமிழில் ஜெமினி கணேசனுக்கும் அவர் குரல், கன்னடத்தில் ராஜ்குமாருக்கும் அவர் குரல். அந்த மென்மையில் ஊறிய காதுக்குக் கிட்டப்பா கத்துவதாகத்தான் பட்டது. கல்லூரியில் படிக்கிற திமிரில் சிரித்துக்கொண்டே கேட்டும் விட்டேன். பெரியப்பா பதில் சொல்லவில்லை. ஊசியைத் தூக்கிவிட்டுப் பெட்டியை மூடினார். அதன் பிறகு நான் இருக்கும்போது அவர் பாட்டு வைத்ததே இல்லை.

பதில் கிடைத்தது அவர் காலமாகிப் பல வருடம் கழித்து. பக்கத்துக் கிராமத்தில் பாரதக் கூத்து. நடுராத்திரியில் கரண்ட் போய் மைக் நின்றுவிட்டது. கூத்து நிற்கவில்லை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், வேஷம் கட்டியவர் குரலை மேலே தூக்கிப் பாடினார். கடைசியில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. அப்போதுதான் பெரியப்பாவின் மூடிய பெட்டி நினைவுக்கு வந்தது.

கிட்டப்பா காலத்து நாடக மேடையில் மைக் கிடையாது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், ஆர்மோனியம், கொட்டகை நிறையக் கூட்டம். கால் ரூபாய் கொடுத்துத் தரையில் உட்கார்ந்தவனுக்கும் பாட்டு எட்டியாக வேண்டும். அதனால் ஐந்து கட்டைச் சுருதியில் பாடினார்கள். இன்று கச்சேரி செய்யும் ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் நின்றுகொள்கிறார்கள். அந்த உயரத்திலும் கிட்டப்பாவின் பிருகா சிதறாது, சொல்லும் சிதையாது.

செங்கோட்டையில் 1906ல் பிறந்தவர் கிட்டப்பா. 1933 டிசம்பரில் காலமானார். வயது 27. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931லேயே வந்துவிட்டது என்றாலும், அவர் நடித்த படம் ஒன்றும் இல்லை. மிச்சமிருப்பது அந்த மூன்று நிமிடத் தட்டுகள்தான். மேடையில் விடிய விடியப் பாடியவரை நாம் ஒரு சாவித் துவாரம் வழியாகப் பார்க்கிறோம். கணவரை 25 வயதில் இழந்த கே.பி.சுந்தராம்பாள் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டார். 1935ல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேஷத்தில் நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் என்பது அன்று நாடே பேசிய செய்தி. 'ஔவையா'ரிலும் 'திருவிளையாட'லிலும் நாம் கேட்டது அதே மைக் இல்லாத மேடையில் பழகிய தொண்டைதான்.

மைக் வந்ததும் பாட்டின் குணமே மாறியது. அமெரிக்காவில் பிங் கிராஸ்பி காதோரம் பேசுவது போலப் பாடினார். நம் ஊரில் ஏ.எம்.ராஜாவும் பி.பி.ஸ்ரீநிவாஸும் அப்படிப் பாட முடிந்ததும் மைக்கால்தான். நான் உயர்வு என்று நினைத்த மென்மையும், மட்டம் என்று சிரித்த உரப்பும், அந்தந்தக் காலத்துக் கருவி கேட்டுக்கொண்டவை. நமக்கு முந்திய காலத்துப் பாட்டில் நம் இளமை நினைவு எதுவும் ஒட்டியிருக்காது. அதனால், அது யாருக்காக, எந்த இடத்தில் பாடப்பட்டது என்று தெரிந்துகொண்டு கேட்டால்தான் காது திறக்கும்.

பேரனை மாந்தோப்புக்கு அழைத்துப் போனேன். "அந்தக் கடைசி மரத்துக்கிட்ட இருக்கிற காவல்காரரை இங்கிருந்தே கூப்பிடு" என்றேன். மூன்றாவது முறை குரலை உயர்த்தியபோதுதான் அவர் திரும்பிப் பார்த்தார். "இப்ப அதையே ராகத்தோட கூப்பிடு பார்க்கலாம்." முயன்று பார்த்துவிட்டுச் சிரித்தான். வீட்டுக்கு வந்ததும், "தாத்தா, அதை இன்னொரு தடவை போடுங்க" என்றான்.

நான் பெரியப்பாவிடம் சொல்லாமல் விட்ட வார்த்தை அது.