மாதுளையில் ஒரு நீலப் பட்டாம்பூச்சி

பழத்தின் மேல் அமர்ந்திருக்கும் பட்டாம்பூச்சியை மிக அருகில் எடுத்த குளோசப் படங்களை நிறையப் பார்த்திருப்பீர்கள். இறக்கையின் செதில்கள்கூட அதில் தெரியும். கேமரா பிறப்பதற்கு நூறு வருடங்களுக்கு முன்பே அப்படி உற்றுப் பார்த்து வரைந்தவர் ஒரு பெண். பெயர் மரியா சிபில்லா மெரியன்.

1647-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் பிறந்தார். வளர்ப்புத் தந்தை பூக்களை வரையும் ஓவியர். மரியா 13 வயதிலேயே பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கிவிட்டார். பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் தானாகவே உண்டாகின்றன என்று பலரும் நம்பிய காலம் அது! இந்தப் பெண்ணோ எந்தப் புழு எந்த இலையைத் தின்கிறது, எப்போது கூடு கட்டுகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். 1679-ல் புழுக்களைப் பற்றிய முதல் நூல் வந்தது.

1699-ல், 52 வயதில், இளைய மகள் டொரோதியாவுடன் தென் அமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பல் ஏறினார். செலவுக்குப் பணம்? தன் ஓவியங்களையும் சேகரிப்புகளையும் விற்றார். சூரினாம் அப்போது டச்சுக்காரர்களின் கரும்புக் காலனி. கரும்பைத் தவிர வேறு எதையோ தேடி வந்திருக்கிறாரே என்று தோட்ட முதலாளிகள் கேலி செய்தார்களாம். காட்டில் வழிகாட்டியவர்களும் புழுக்களைக் கொண்டுவந்து கொடுத்தவர்களும் பூர்வகுடிகளும் ஆப்பிரிக்க அடிமைகளும்தான். அவர்கள் சொன்ன செய்திகளை மெரியன் எழுதி வைத்தார், அவர்களுடைய பெயர்களை எழுதவில்லை.

நோய் தாக்கி 1701-ல் ஆம்ஸ்டர்டாம் திரும்பினார். 1705-ல் 60 செப்புத்தகட்டுப் படங்களுடன் சூரினாம் பூச்சிகளைப் பற்றிய பெரிய நூல் வெளியானது. அதில் பழுத்த அன்னாசியில் ஒரு பட்டாம்பூச்சி உண்டு. மாதுளைக் கிளையில் நீல மார்போ உண்டு. குண்டூசி குத்திய செத்த பூச்சியாக இல்லாமல் புழு, கூடு, பட்டாம்பூச்சி மூன்றும் ஒரே கிளையில்! நீல இறக்கையை அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கூரை ஓடுகள் அடுக்கியதுபோல ஒழுங்காக இருப்பதாக எழுதினார். இன்றைய மேக்ரோ லென்ஸ் காட்டுவதும் அதே ஓடுகளைத்தான். அந்த நீலத்தைத் தூரிகையால் கொண்டுவர முடியாது என்றும் ஒப்புக்கொண்டார்.

லாபம் வேண்டாம், போட்ட பணம் திரும்பினால் போதும் என்று முன்னுரையிலேயே எழுதியவர் அவர். வணிகவியல் படிப்பவர்கள் சற்று யோசிக்க வேண்டிய கணக்கு!

சில படங்களில் புழுவும் பட்டாம்பூச்சியும் பொருந்தவில்லை என்பது உண்மைதான். ஆனால் 19-ம் நூற்றாண்டு விமர்சகர்கள் அதோடு நிற்கவில்லை. கொய்யாக் கிளையில் ஒரு பெரிய சிலந்தி சின்னஞ்சிறு பறவையைப் பிடித்திருக்கும் படத்தைக் காட்டி, இது வெறும் கற்பனை என்று சிரித்தார்கள். 1863-ல் ஹென்றி பேட்ஸ், அமேசான் பகுதியில் அப்படிப்பட்ட சிலந்தியிடம் பறவைகள் சிக்கியிருந்ததைத் தானே கண்டதாக எழுதினார். மெரியன் இறந்து அப்போது 146 வருடங்கள் ஆகியிருந்தன.

1990-களில் ஜெர்மனி வெளியிட்ட 500 மார்க் நோட்டில் அவர் முகம் இடம்பெற்றது. நோட்டைத் திருப்பினால் ஒரு செடி, அதன் மேல் ஒரு புழு. 2002-ல் யூரோ வந்ததும் அந்த நோட்டு கடைத்தெருவிலிருந்து மறைந்தது.