குறைந்த மீத்தேன், கூடிய புகை: தென்சென்னைக் குப்பைமேடுகள் குறித்து

பெருங்குடிக் குப்பைக் கிடங்கிலிருந்து எவ்வளவு மீத்தேன் எழுகிறது என்று கேட்டால் ஒற்றை எண்ணில் விடை சொல்ல முடியாது. ஜா என்ற ஆய்வாளரின் குழுவினர் 2008-இல் ‘கெமோஸ்பியர்’ ஆய்விதழில் வெளியிட்ட அளவீட்டின்படி, அங்கே ஒரு சதுர மீட்டரிலிருந்து மணிக்கு 0.9 முதல் 433 மில்லிகிராம் வரை மீத்தேன் வெளியேறியது. ஒரே மேட்டுக்குள் ஏறத்தாழ 480 மடங்கு வேறுபாடு. 2000-ஆம் ஆண்டில் சென்னைக் குப்பையிலிருந்து எழுந்த மீத்தேனைச் சுமார் 120 டன் என்று அவர்கள் கணித்தார்கள். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் வாய்பாட்டின்படி வரும் தொகையைவிட இது குறைவு.

இந்தக் குறைவில் ஆறுதல் கொள்ள ஒன்றுமில்லை என்பதே என் வாதம். மீத்தேன் உருவாகக் காற்றுப் புகாத ஆழம் வேண்டும். இறுக்காமல், மண் மூடாமல் கொட்டிய குப்பையின் மேலடுக்குகளில் காற்று புகுந்துவிடுகிறது. எரிந்துபோன குப்பையோ மீத்தேன் தருவதில்லை. கணக்கேட்டில் குறைந்தது கிடங்கை அடுத்த துரைப்பாக்கத்திலும் பள்ளிக்கரணையிலும் புகையாக வீட்டுக்குள் நுழைகிறது.

2022 ஏப்ரல் 27 அன்று பெருங்குடியில் பற்றிய தீ பல நாட்கள் அடங்கவில்லை. குப்பைமேட்டுத் தீயின் குணம் அப்படி: தண்ணீர் பீய்ச்சிய இடம் நனைந்து கறுத்துக் கிடக்கும், பொக்லைன் கிளறியதும் அடியிலிருந்து மறுபடி புகை கிளம்பும். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு கலந்திருந்தால் ஒரு பொறி போதும். மீத்தேனுக்கு மணமில்லை. மக்கள் மூக்கைப் பொத்துவது அதனுடன் வரும் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற வாயுக்களால். ஆகவே, இருபதாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 80 மடங்குக்கு மேல் வெப்பமூட்டும் வாயு என்று உலகம் மீத்தேனை எண்ணும்போது, அக்கம்பக்கத்தாரின் புகார் அந்தக் கணக்கில் சேர்வதே இல்லை.

தாம்பரத்தில் சிக்கல் வேறு வடிவில் இருக்கிறது. கன்னடபாளையத்தில் வீடுகளுக்கு நடுவே ஆண்டுக்கணக்கில் குவிந்த குப்பையை, தோண்டித் தரம்பிரிக்கும் பயோமைனிங் முறையில் அகற்றினார்கள். நல்ல காரியம். ஆனால் ஊரின் அன்றாடக் குப்பை வேங்கடமங்கலத்துக்கும் ஆப்பூருக்கும் போனது. நாற்றமும் நிலத்தடி நீர் பற்றிய அச்சமும் வண்டலூருக்கு அப்பால் இடம்பெயர்ந்தன.

பயோமைனிங் ஒப்பந்தங்கள் அகற்றும் குப்பையைக் கன மீட்டரில் அளக்கின்றன, மீத்தேனில் அல்ல. பல்லாண்டு கிடந்த குப்பை தன் வாயுவில் பெரும்பகுதியை ஏற்கெனவே வெளியேற்றிவிட்டது. நம் வெப்பத்திலும் மழையிலும் அழுகல் விரைவாக நடக்கும். இனி எழவேண்டிய மீத்தேன் இன்றைய மிச்சச் சோற்றிலும், கல்யாண மண்டபத்து எச்சில் இலையிலும், காய்கறிச் சந்தைக் கழிவிலும் இருக்கிறது. மக்கும் குப்பையை வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. ஆயினும் அகற்றிய மேட்டைக் காட்டுவது எளிது, பிரிக்காத வாளியைக் காட்டுவது சங்கடம். ஒவ்வொரு வார்டிலிருந்தும் எத்தனை டன் ஈரக் கழிவு லாரியேறுகிறது என்பதையும், கிடங்குக்கு மிக அருகிலுள்ள வீட்டு வாசலில் ஹைட்ரஜன் சல்பைடும் நுண்துகளும் எவ்வளவு என்பதையும் மாநகராட்சிகள் மாதந்தோறும் வெளியிட வேண்டும். அந்த விவரம் வேங்கடமங்கலம், ஆப்பூர் ஊராட்சிகளுக்கும் போய்ச் சேர வேண்டும்.