ருவாபெகு எரிமலையில் பனிச்சறுக்கு

ருவாபெகு (2797 மீ) நியூசிலாந்தின் வடக்குத் தீவிலுள்ள மிக உயரமான மலையாகும். இயங்கும் எரிமலையான இதன் உச்சியில் வெந்நீர் நிறைந்த ஏரி ஒன்று உள்ளது. அதே மலைச்சரிவுகளில் ஃபாகபாபா, டூரோவா ஆகிய பனிச்சறுக்குக் களங்கள் அமைந்துள்ளன.

தொடக்கம்

மாவோரி மக்களுக்குப் புனிதமான இம்மலையுச்சியை 1887-இல் அவர்களின் தலைவர் தே ஹேயுஹேயு நான்காம் டூக்கினோ அரசுக்கு அளித்தார். இதிலிருந்தே டொங்கரிரோ தேசியப் பூங்கா உருவானது. 1913-இல் ருவாபெகு பனிச்சறுக்குக் கழகம் தொடங்கப்பட்டது. மலையடிவாரத்தில் 1929-இல் சத்தோ விடுதி திறக்கப்பட்டபின் குளிர்காலப் பயணிகள் பெருகினர்.

ஏரியும் சேற்றுவெள்ளமும்

எரிமலைக் குழம்பைவிட இங்கு அதிக அச்சம் தருவது 'லகார்' எனப்படும் சேற்றுவெள்ளமே. ஏரி நீர் சாம்பலையும் பாறைகளையும் பனியையும் வாரிக்கொண்டு பள்ளத்தாக்குகளில் பாய்வதால் இது உண்டாகிறது. 1945 வெடிப்பில் ஏரியின் விளிம்பில் சாம்பல் குவிந்து அணைபோல் நின்றது. 1953 டிசம்பர் 24 இரவு, வெடிப்பு ஏதும் இல்லாத நேரத்தில், அந்த அணை உடைந்தது. டாங்கிவை அருகே ரயில் பாலம் சிதைந்து, வெலிங்டனிலிருந்து ஆக்லாந்து சென்ற ரயில் ஆற்றில் விழுந்தது. 151 பேர் இறந்தனர்.

1995, 1996 வெடிப்புகளால் சறுக்குக் களங்கள் மூடப்பட்டன. ஏரிக்கரையில் மீண்டும் சாம்பல் அணை உருவானது. டாங்கிவை நிகழ்வின் பாடத்தால் இம்முறை கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டன. 2007 மார்ச் 18 அன்று அணை உடைந்தபோது எச்சரிக்கை உடனே கிடைத்தது. சாலையும் ரயில் பாதையும் மூடப்பட்டதால் உயிரிழப்பு ஏற்படவில்லை.

முன்னறிய இயலாத வெடிப்பு

அவ்வாண்டு செப்டம்பர் 25 இரவு எரிமலை முன்னறிகுறி ஏதுமின்றி வெடித்தது. உச்சியருகே குடிலில் தங்கியிருந்த மலையேறி ஒருவர் பாறை விழுந்து ஒரு காலை இழந்தார். ஃபாகபாபா களத்தின் பக்கமாகவும் சேற்றுவெள்ளம் இறங்கியது. பகலில் நூற்றுக்கணக்கானோர் சறுக்கும் அச்சரிவில் அந்நேரம் பொதுமக்கள் இல்லை.

அணை உடைவதைக் கணிக்க முடிந்தாலும், திடீர் வெடிப்பு சில நிமிட அவகாசமே தருகிறது. ஆகவே சங்கு ஒலித்தால் கீழ்நோக்கிச் சறுக்கித் தப்ப முயலாமல், பள்ளத்தாக்கைவிட்டு அருகிலுள்ள மேட்டில் ஏறி நிற்க வேண்டும் என்பதே ஃபாகபாபாவில் சறுக்குவோருக்குக் கூறப்படும் முதன்மை விதியாகும்.