துபாஷி வீட்டு அவை: தொண்டைமண்டலப் புரவலர் மரபு குறித்துச் சில சிந்தனைகள்

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் வரும் திருமழிசை, ஆழ்வார் பிறந்த ஊர். குருபரம்பரைக் கதைகள் அவரையும் சீடர் கணிகண்ணரையும் அரசவைக்கு எதிரே நிறுத்துகின்றன. பல்லவ மன்னனைப் பாட மறுத்த கணிகண்ணர் காஞ்சியிலிருந்து வெளியேற்றப்படுகிறார். ஆழ்வாரும் உடன் கிளம்ப, பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடக்கிறார். மன்னன் மன்றாடிய பிறகே மூவரும் திரும்புகிறார்கள். திருவெஃகாவில் பெருமாள் வழக்கத்துக்கு மாறான திசையில் தலைவைத்துக் கிடப்பதற்கு இன்றும் இக்கதையையே காரணம் சொல்கிறார்கள். வரலாற்று உண்மை எதுவாயினும், புலமை ஆள்பவனின் புகழுக்குப் பணியாது என்ற விழுமியத்தைத் தொண்டைமண்டலம் தலைமுறைகளாகப் போற்றி வந்ததற்கு இது சான்று.

இந்த மண்ணில்தான் பதினெட்டாம் நூற்றாண்டில் துபாஷிகளின் அவைகள் எழுந்தன. கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் உள்ளூர் வணிகத்துக்கும் இடைநின்று பொருளீட்டிய வேளாளச் செல்வர்கள், அரசர் செய்த புரவலர் பணியைத் தாங்களே ஏற்றார்கள். ஆளுநர் பிகட்டின் துபாஷியான மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு. கோட்டையின் பாதுகாப்புக்காகக் கம்பெனி இடித்துவிட்ட சென்னகேசவப் பெருமாள் கோயிலை மீண்டும் எழுப்ப முன்னின்று பொருள் தந்தவர் அவர். சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனையை ஆதரித்தவரும் அவரே. குடிப்பெருமை பழையதாக இல்லாத புதுச்செல்வருக்குக் கோயிலும் கவியும் தேவைப்பட்டன. கொடையை வெறும் ஈகையாகப் பார்க்கும் வாசிப்பு இந்தத் தேவையைக் காணத் தவறுகிறது.

ஆயினும் மணலி அவையை வெறும் தற்புகழ்ச்சிக் களமாகச் சுருக்குவது அதைவிடப் பெரிய பிழை. இசைமேதை முத்துசாமி தீட்சிதரின் தந்தை இராமசாமி தீட்சிதர் குடும்பத்தோடு மணலிக்கு வந்து தங்கினார். முத்துக்கிருஷ்ணரின் மகன் சின்னையா முதலியார் காலத்தில் அவருடைய பிள்ளைகளான முத்துசாமியும் பாலுசாமியும் புனித ஜார்ஜ் கோட்டையின் பாண்டு இசையைக் கேட்டார்கள். பாலுசாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்றார். கர்நாடக இசைக்குள் அக்கருவி நுழைந்த வழிகளில் இது முக்கியமானது. முத்துசாமி அந்த மேலை மெட்டுகளுக்கு வடமொழிச் சொல் அமைத்தார். அவையே நோட்டுசுரப் பாடல்கள். ஆங்கிலேய அரசரை வாழ்த்தும் மெட்டுக்கூட அவற்றில் ஒன்று. அந்த மெட்டில் அவர் பாடியது அரசரையும் அல்ல, தமக்குச் சோறிட்ட முதலியாரையும் அல்ல, தெய்வத்தை.

இதுதான் இக்கட்டுரையின் மையம். மணலி முதலியார்கள் கொடுத்த இடத்தில் புலமை தன் போக்கில் வளர்ந்தது. பாட்டுடைத் தலைமை புரவலருக்குக் கட்டாயமாகவில்லை. மணலியிலிருந்தே சிதம்பரநாத யோகி முத்துசாமியைக் காசிக்கு அழைத்துச் சென்றார். திரும்பி வந்தவரின் முதல் கிருதி மாளிகையில் அல்ல, திருத்தணி மலையில் பிறந்தது என்கிறது மரபு. ஆதரவு, கட்டுப்பாடாக இறுகாத இந்த நிலையே கணிகண்ணர் கதை காக்கும் விழுமியத்துக்கு அருகில் வருகிறது என்பது என் துணிபு.

அவை பிறகு இடம் மாறியது. பாலுசாமி எட்டயபுரம் ஜமீனில் ஆஸ்தான வித்துவானானார். அவர் பெயரனும் வளர்ப்பு மகனுமான சுப்பராம தீட்சிதர் தொகுத்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-இல் எட்டயபுரத்தில் அச்சேறியது. அந்நூலை எழுதத் தூண்டியவர்களுள் சென்னையின் சின்னசாமி முதலியார் முதன்மையானவர். அவர், தென்னக இசையை மேலை இசைக்குறியீட்டில் பதிப்பிக்கும் பெருமுயற்சியில் இறங்கிய கிறித்தவத் தமிழர். துபாஷி வீட்டில் தொடங்கிய கலப்பு, ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு அச்சில் நிலைபெற்றது.

இவ்வளவு திறந்த மணலி அவைக்கும் எல்லை இருந்தது. கோட்டை பாண்டுக்குத் திறந்த கதவு, அந்தச் செல்வத்தை உழைப்பால் உருவாக்கிய குடிகளுக்குத் திறக்கவில்லை. ஆனால் முத்துசாமியின் மாணவர் வட்டம் அவையைவிட விரிந்திருந்தது: தஞ்சை நால்வர் அவரிடம் பயின்றார்கள், ஆடற்கலைஞர் திருவாரூர் கமலமும் அவரிடம் கற்றார். கமலம் போன்ற பெண்கள் அந்த இசையை ஆடியும் பாடியும் காத்த பங்கைச் சேர்க்காமல் மணலி அவையின் வரலாற்றை எழுதினால், புரவலர்களின் குடும்ப வரலாறே நமக்கு மிஞ்சும்.