எந்த ஊரு, எந்தப் பக்கம்?

சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறினால், மீஞ்சூர் தாண்டுவதற்குள் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். "தம்பிக்கு எந்த ஊரு?" ஊர்ப் பேரைச் சொன்னால் கேள்வி முடிவதில்லை. "ஊர்ல எந்தப் பக்கம்?" முதல் கேள்விக்கு வாய் தானாகப் பதில் சொல்லும். இரண்டாவது கேள்விக்கு அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். கேட்கிறவர் நல்ல மனுஷனாகவும் இருக்கலாம். வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே கேட்கலாம். வயிறு அதையெல்லாம் பார்ப்பதில்லை.

இதைக் கோழைத்தனம் என்று நம் தோழர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு.

தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1939இல் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்று தன் கதையைச் சின்ன நூலாகப் போட்டார். கோயமுத்தூர் கலாசாலையில் படித்த காலத்தைப் பற்றி அதில் சில வரிகள் வருகின்றன. சுமார் 400 மாணவர்களில் 10 பேர் போக மற்றவர்கள் பிராமணர்கள். சிநேகம் பிடித்தால் சாதி, குடும்பம், இருப்பிடம் எல்லாம் தெரிந்துபோகும் என்று பயந்தார். அதனால் பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு விட்டதும் மற்ற பையன்கள் எட்டிப் பிடிக்காதபடி வேகமாக நடந்து வீடு போய்ச் சேருவார். விளையாட முடியவில்லையே என்ற ஏக்கமும் அவருக்கு இருந்தது.

நன்றாகக் கவனியுங்கள். அங்கே அவரை யாரும் துரத்தவில்லை. தெரிந்துபோகுமே என்பதுதான் துரத்தியது. ரயிலில் நமக்கு வயிற்றைப் பிடிக்கிறதே, அதே பயம்.

மணி அடித்த பிறகு வகுப்புக்குள் நுழைந்த அந்தப் பையன்தான், 1924இல் சென்னை சட்டசபை உறுப்பினராக எழுந்து நின்று தீர்மானம் கொண்டுவந்தார். ஊரானாலும் நகரமானாலும் பொதுச்சாலையில், தெருவில், பாதையில் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடக்கலாம். பொதுக்கிணறு, குளம், சர்க்கார் கட்டிடம் எதற்கும் போகலாம் என்றது அந்தத் தீர்மானம். நிறைவேறியது. தெருவில் நடக்கலாம் என்பதற்குச் சட்டசபை கூட வேண்டியிருந்த நாடு இது. எட்டிப் பிடிப்பார்களோ என்று தெருவில் ஓட்டமும் நடையுமாகப் போனவர் அந்தத் தெருவை மறக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் தெருவுக்கு முன்னாலேயே ரயில் திறந்துவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடிய முதல் வண்டி திருவள்ளூர் வழியாகத்தான் போனது. வெள்ளைக்காரக் கம்பெனி காசுக்கு ஒரு வகுப்பு வைத்தது. சாதிக்கு ஒரு பெட்டி வைக்கவில்லை. அதற்குப் பிறகு 68 வருஷம் ஆனது, தெருவைத் திறக்க.

சிப்காட் வந்தபோதும் அப்படித்தான். உருக்காலை வாசலில் இருக்கிற டீக்கடையில் பீகார் பையனும் ஒடிசா பையனும் நம் பையனும் ஒரே கிளாஸில்தான் குடிக்கிறான். கடைக்காரருக்கு யார் யார் என்று தெரியாது. கேட்க நேரமும் இல்லை, ஷிப்டுச் சங்கு ஊதிவிடும். அந்தப் பத்து நிமிஷம் நிம்மதியாகத்தான் இருக்கிறது. நான் மறுக்கவில்லை. ஆனால் ஆளைத் தெரியாததால் கிடைக்கிற நிம்மதிக்கு ஆயுசு எவ்வளவு? நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் பக்கத்தில் வந்து நின்றால் டீ ஆறிப்போகிறது.

ஆலையிலிருந்து ஊருக்குள் போனால் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கும்மிடிப்பூண்டி வட்டம் ஆத்துப்பாக்கத்தில் அமிர்தம் அம்மா ஊராட்சி மன்றத் தலைவராக ஜெயித்தவர். 2020 ஆகஸ்ட் 15 அன்று அவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி பரவி, ஆகஸ்ட் 20 அன்று கலெக்டரும் போலீஸ் அதிகாரியும் வந்து நிற்க, அவர் ஏற்றினார். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் ஊர்ப் பொதுஇடத்தில் கயிறு இழுக்கப் போலீஸ் துணை வேண்டியிருந்தது. அதே வட்டத்துத் தோக்கம்மூரில் திரௌபதி அம்மன் கோயிலருகே, நம் மக்கள் போய்வந்த இடத்தை மறித்து ஒரு சுவர் நின்றது. போராட்டத்துக்குப் பிறகு 2022 அக்டோபரில்தான் அதிகாரிகள் இடித்தார்கள். 1924ஆம் வருஷத் தீர்மானத்துக்கு அப்போது 98 வயசு.

பெண்கள் பயம் இரட்டைப் பயம். ராத்திரி ரோட்டில் ஆம்பளைக் கைக்குப் பயப்பட வேண்டும். அந்தக் கை எந்தத் தெருக்காரனுடையது என்று பார்த்து, புகார் கொடுக்கவும் பயப்பட வேண்டும்.

இரண்டாம் ஷிப்டு முடிந்து எங்கள் காலனிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூட்டமாகத்தான் நடந்து வருவார்கள். சிப்காட் ரோட்டில் சூப்பர்வைசரைக் கேலி பேசிச் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டு வருவார்கள். ஊர்த்தெரு முனை வந்ததும் பேச்சு நின்றுவிடும். யாரும் சொல்லி நிறுத்துவதில்லை. செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும், கொஞ்சம் வேகமாக. அந்தத் தெருவைத் தாண்டிக் காலனி லைட் தெரிந்ததும், விட்ட இடத்திலிருந்து சூப்பர்வைசர் கதை மறுபடி தொடங்கும்.